மறைமலைநகர் எண்டெவர்: ஆலை மூடிய பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

செகண்ட் ஹேண்ட் ஃபோர்டு எண்டெவர் பார்க்கப் போவதாக வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "கம்பெனியே மூடிட்டுப் போயிட்டானே, பார்ட்ஸுக்கு என்ன பண்ணுவே?" என்பதுதான். கேள்வி நியாயமானது, ஆனால் பாதிதான். அதே வண்டியை இன்னும் எந்தெந்த நாட்டில் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்று கேட்டால்தான் மீதிப் பாதியும் சேரும். அப்படிக் கேட்டுப் பார்த்தால், மறைமலைநகர் ஆலையிலிருந்து வெளிவந்த ஃபோர்டு வண்டிகளில் 2016 முதல் 2021 வரை விற்ற இந்த எண்டெவரின் நிலைமைதான் தேவலை. சரியான வண்டி கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். தவறான வண்டி கிடைத்தால் ஒரு சின்னக் கார் வாங்கும் பணம் பணிமனைக்குப் போய்விடும். எது சரியானது, எது தவறானது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த விமர்சனம்.

முதலில் ஊர்க் கதை. இந்தியாவில் வண்டி தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது 2021 செப்டம்பர் 9 அன்று. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். குஜராத்தின் சாணந்த் ஆலை டாடாவுக்குப் போனது. மறைமலைநகரில் ஏற்றுமதி ஆர்டர் பாக்கி இருந்ததால் வேலை இழுத்துக்கொண்டே போய், கடைசி எக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது. 2025 அக்டோபர் கடைசியில் தமிழக அரசோடு புதிய ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின், உற்பத்தி 2029-இல் தொடங்கும். செய்தி வந்ததும் பழைய ஃபோர்டு விற்பவர்கள் "கம்பெனி திரும்ப வருது சார்" என்று விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஏமாற வேண்டாம். அங்கே வரப்போவது புதிய தலைமுறை எஞ்சின்கள். உங்கள் எண்டெவருக்கு அதனால் ஒரு போல்ட் கூடக் கிடைக்கப்போவதில்லை.

எண்டெவரைக் காப்பாற்றுவது வேறொரு நாட்டின் கதை. மறைமலைநகரில் பூட்டப்பட்டாலும் இந்த வண்டி வடிவமைக்கப்பட்டது ஆஸ்திரேலியாவில். வெளிநாடுகளில் இதன் பெயர் எவரெஸ்ட். அடியில் இருப்பது டி6 என்கிற, ஏணி வடிவ லேடர் சட்டகம். ரேஞ்சர் பிக்கப்புக்கும் அதேதான். ஃபோர்டு ஆஸ்திரேலியாவின் பொறியாளர்கள் மெல்போர்னில் வரைந்து, ஜீலாங் அருகே யூ யாங்ஸ் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்து உருவாக்கிய சட்டகம் அது. அதை வரைந்து முடித்த நாட்டில் ஒரு டி6 வண்டிகூடத் தயாரிக்கப்படவில்லை என்பதுதான் விசித்திரம்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். பழைய வண்டி வாங்குகிறவருக்கு அங்கேதான் பாடம் இருக்கிறது.

ஃபோர்டு ஜீலாங்கில் வண்டி பூட்ட ஆரம்பித்தது 1925-இல். ஜெனரல் மோட்டார்ஸின் ஆஸ்திரேலியப் பிராண்டான ஹோல்டன் முதல் காரை 1948-இல் வெளியிட்டது. எண்பதுகளில் இறக்குமதிக் கார்களுக்கு 57.5 சதவீதம் வரை வரி இருந்தது. அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து 2010-இல் 5 சதவீதத்தில் நிறுத்தினார்கள். 2005-இல் தாய்லாந்தோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்து பிக்கப்கள் வரியில்லாமல் வந்து இறங்கின. 2011 வாக்கில் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையே தாண்டியது. ஏற்றுமதி செய்தால் கட்டுப்படி ஆகாது, இறக்குமதியோ மலிவு என்ற நிலை. நாட்டில் ஆண்டுக்கு விற்பது மொத்தமே சுமார் 11 லட்சம் வண்டி. அதை அறுபதுக்கு மேற்பட்ட பிராண்டுகள் பங்குபோட்டுக்கொண்டன. ஒரு ஆலையில் ஒரு மாடலை லட்சக்கணக்கில் ஓட்டினால்தான் அச்சு, டை செலவு தேறும். அங்கே அந்த எண்ணிக்கை வரவே இல்லை.

2013 மே மாதம் ஃபோர்டு மூடுவதாகச் சொன்னது, டிசம்பரில் ஹோல்டன், 2014 பிப்ரவரியில் டொயோட்டா. மிட்சுபிஷி 2008-லேயே அடிலெய்டை விட்டுப் போய்விட்டது. சொன்னபடியே 2016 அக்டோபர் 7-இல் ஃபோர்டு பிராட்மெடோஸ் ஆலையும், 2017 அக்டோபர் 3-இல் டொயோட்டா ஆல்டோனா ஆலையும், அதே அக்டோபர் 20-இல் ஹோல்டன் எலிசபெத் ஆலையும் நின்றன. அதன்பிறகு அங்கே பெரிய அளவில் கார் தயாரிப்பே கிடையாது. லாரி பூட்டுகிறார்கள், அமெரிக்காவிலிருந்து வரும் பெரிய பிக்கப்களின் ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றித் தருகிறார்கள். மின்சாரக் கார் ஆலை வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு எழும், அடங்கும்.

மூன்று ஆலையும் மூடிய பிறகு வண்டிக்காரர்களுக்கு என்ன ஆனது? மூன்று விதமாக ஆனது. ஆல்டோனாவில் பூட்டிய கேம்ரி வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை, உலகம் முழுக்க அதே கேம்ரி ஓடுகிறது. ஃபோர்டு ஃபால்கன், ஹோல்டன் கமடோர் வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். அந்த வண்டிகள் முக்கியமாக ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் என்றே செய்தவை. எஞ்சின் பார்ட்ஸை எப்படியாவது சமாளிக்கலாம். கதவு, டேஷ்போர்டு, விளக்கு, உள் பிளாஸ்டிக் எல்லாம் பழைய வண்டி உடைக்கும் யார்டுகளில்தான் தேட வேண்டும். ஹோல்டன் என்ற பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் 2020-இல் விலக்கிக்கொண்டது. பத்து ஆண்டுக்குப் பார்ட்ஸும் சர்வீஸும் தருவோம் என்று வாக்குக் கொடுத்தது. மூன்றாவது ரகம் ரேஞ்சர்காரர்கள். ஆலையே அங்கே இல்லை, ஆனால் 2023-இலும் 2024-இலும் ஆஸ்திரேலியாவில் மிக அதிகமாக விற்ற வண்டி ரேஞ்சர்தான். விற்பனை இருக்கும் இடத்தில் பார்ட்ஸ் கடைக்காரனும் இருப்பான்.

இப்போது அதே சல்லடையில் இந்திய ஃபோர்டுகளைப் போட்டுப் பாருங்கள். ஃப்ரீஸ்டைல், ஆஸ்பயர் எல்லாம் ஃபால்கன் ரகம். இன்று வெளி உலகத்தில் அவற்றுக்குப் பெரிய சந்தை இல்லை. எக்கோஸ்போர்ட் நடுவில் நிற்கிறது. எண்டெவர் ரேஞ்சர் ரகம்.

(எக்கோஸ்போர்ட் பற்றி ஒரே வரி: 2013 முதல் 2017 வரை வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது பவர்ஷிஃப்ட் என்கிற உலர் டபுள் கிளட்ச் கியர்பாக்ஸ். இதே கியர்பாக்ஸ் பொருத்திய ஃபோகஸ், ஃபியஸ்டா, எக்கோஸ்போர்ட் பற்றி வந்த புகார்களை நடத்திய விதத்துக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018-இல் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. கத்திப்பாராவில் ஊர்ந்து போகும் வெயிலுக்கு அந்தக் கிளட்ச் தாங்காது. விட்டுவிடுங்கள்.)

எந்த எஞ்சின்?

மூன்று எஞ்சின் உண்டு. 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர், 160 பி.எஸ்., 385 நியூட்டன் மீட்டர், 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர், 200 பி.எஸ்., 470 நியூட்டன் மீட்டர். இரண்டும் பி.எஸ்.4 என்கிற பழைய புகை விதிக் காலத்தவை. 2020 பிப்ரவரியில் பி.எஸ்.6-க்கு மாறியபோது இரண்டையும் தூக்கிவிட்டு 2.0 லிட்டர் ஈக்கோபுளூ, 170 பி.எஸ்., 420 நியூட்டன் மீட்டர், 10 கியர் ஆட்டோமேட்டிக் என்று ஒன்றே ஒன்றைக் கொடுத்தார்கள்.

ஓட்டுவதற்கு 3.2 ஒரு தனி சுகம். ஐந்து சிலிண்டரின் அந்த முரட்டுச் சத்தமும், பரனூர் டோல் தாண்டி மிதித்தால் கிடைக்கும் இழுவையும் வேறு எதிலும் வராது. நகருக்குள் லிட்டருக்கு 7, 8 கிலோமீட்டர்தான் தரும் என்பதை ஏற்றுக்கொண்டு வாங்குங்கள். 2.2 அவசரப்படாத ஆளுக்கு. முந்திச் செல்லும்போது முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஆனால் அடிப்படை எஞ்சின் 3.2-இன் தம்பிதான், ரேஞ்சர், மாஸ்டா பிடி-50, டிரான்சிட் வேன், பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் என்று பல வண்டிகளில் ஓடியது. பார்ட்ஸ் கிடைப்பதில் மூன்றிலும் சுலபம் இதுவே. 2.0 அமைதியானது, மைலேஜும் கூடுதல். நிதானமாகப் பார்த்தால் தினமும் ஆபீஸ் போய்வர ஏற்றது இதுதான் என்று தோன்றும். ஆனால் இதில் டி.பி.எஃப். என்கிற புகைக்கரி வடிகட்டி உண்டு, அதைப் பற்றிக் கீழே.

சென்னைக்கு இந்த உருவம் சரியா என்பது தனிக் கேள்வி. நீளம் 4.9 மீட்டர், அகலம் 1.86 மீட்டர். மயிலாப்பூர் மாட வீதிகளில் கண்ணாடியை மடக்கித்தான் போக வேண்டும். எடை, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோரில் 2.3 டன்னுக்கு மேல். இதைப் பலர் யோசிப்பதே இல்லை: அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தும் ஸ்டாக் பார்க்கிங் என்றால், தட்டின் எடை வரம்பு பக்கவாட்டுத் தூணில் ஒட்டியிருக்கும். 2,000 கிலோ என்று போட்டிருந்தால் இந்த வண்டியை அங்கே ஏற்றக் கூடாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அதைப் போய்ப் படித்துவிடுங்கள்.

தரை இடைவெளி 225 மி.மீ., தண்ணீரில் 800 மி.மீ. ஆழம் வரை போகலாம் என்பது கம்பெனிக் கணக்கு. இந்த ஒரு வரியை நம்பி வேளச்சேரி வெள்ளத்தில் இறங்கிய எண்டெவர்கள் சந்தையில் இருக்கின்றன. 800 மி.மீ. என்பது மெதுவாக, நிற்காமல், அலை எழுப்பாமல் போகும்போது. எதிரே ஒரு மாநகரப் பேருந்து வந்தால் அது கிளப்பும் அலை பானெட்டைத் தாண்டும்.

பார்க்கும் முறை

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். முந்தின இரவே விற்பவரிடம், "அண்ணே, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். போனதும் முதலில் பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம்.

குளிர்ந்த எஞ்சினில் கூலண்ட் பாட்டில்தான் முதல் சாட்சி. அளவு கோடுகளுக்கு இடையில் இருக்கிறதா, நிறம் தெளிவாக இருக்கிறதா, வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்களா? 2.2, 3.2 இரண்டிலும், எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர வைக்கும் ஈ.ஜி.ஆர். கூலர் உள்ளே விரிசல் விடுவது தெரிந்த வியாதி. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. கூலண்ட் இன்டேக் பக்கம் போய் எஞ்சினுக்குள் எரிந்துவிடும். மாதம் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது, ஒழுக்கு எங்கே என்று தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். ஸ்டார்ட் செய்தவுடன் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்து, சூடான பிறகு நின்றால் சந்தேகம் வலுக்கும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் எஞ்சின் ஹீட் ஆகி ஹெட் போகும். அதன் செலவோடு ஒப்பிட்டால் கூலர் மாற்றும் செலவு ஒன்றுமே இல்லை.

ஸ்டார்ட் செய்யும் நொடியில் காது முன்பக்கம் இருக்கட்டும். இந்த இரண்டு எஞ்சினிலும் டைமிங் செயின். ஒரு நொடி சலசலப்பு வந்து அடங்கினால் பரவாயில்லை. மூன்று நான்கு நொடி இழுத்தால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் கைடும் தேய்ந்திருக்கும். பிறகு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை லேசாக வருவது இயல்பு. விட்டுவிட்டுப் பிஸ்டன் அடிப்பதுபோல் குபுகுபுவென்று வந்தால் ரிங் போயிருக்கிறது.

டர்போ காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் அடுத்தது. வளைவுகளில் எண்ணெய் ஈரம் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். சின்ன வெடிப்பு விட்டால் பிக்கப் குறையும், கறுப்புப் புகை வரும், விசில் சத்தம் கேட்கும். உடனே சிலர் "டர்போ போச்சு" என்று பெரிய பில் போடுவார்கள். பல நேரம் போயிருப்பது ஹோஸ் மட்டும்.

கியர்பாக்ஸுக்கு வண்டியை ஓட்டித்தான் பார்க்க வேண்டும், அதுவும் நெரிசலில். 6 கியர் ஆட்டோமேட்டிக்கில், வேகம் குறைந்து நிற்கப் போகும்போது முதுகில் ஒரு உதை விழுகிறதா என்று கவனியுங்கள். 10 கியர் பெட்டியில் 3, 4, 5 என்று ஏறும்போது தடுமாற்றமோ, ஆர்.பி.எம். சட்டென்று எகிறுவதோ இருந்தால் யோசியுங்கள். "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊர் வெயிலில் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. 6 கியருக்கு மெர்கான் எல்.வி., 10 கியருக்கு மெர்கான் யு.எல்.வி. பெயர் ஒன்றுபோல இருக்கிறது என்று மாற்றி ஊற்றினால் பெட்டி போச்சு. வடித்த ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் கூலண்ட் உள்ளே போயிருக்கிறது. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஃபோர் பை ஃபோர் மாடல் என்றால் நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானமா என்று பாருங்கள். அளவு 265/60 ஆர்18. இரண்டு டயர் மட்டும் புதுசாகப் போட்டிருந்தால், சுற்றளவு வித்தியாசத்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் வேலை செய்து சூடேறும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, மெதுவான, அதிக இழுவைக்கான ஃபோர் லோ பட்டனை அழுத்துங்கள். விளக்கு மின்னிக்கொண்டே இருந்து விழவில்லையென்றால், வருடக்கணக்காக யாரும் அதைத் தொடவில்லை என்று அர்த்தம்.

பனோரமா சன்ரூஃப் இருந்தால் ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். கூரையைத் திறந்து, முன்பக்க மூலையில் இருக்கும் கால்வாயில் மெதுவாக ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து தரையில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் வேப்பம்பூவும் தூசியும் குழாயை அடைத்திருக்கிறது. ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் கூரைத் துணி வழியாக முன்கண்ணாடிப் பக்கத் தூணான ஏ பில்லரில் இறங்கி ஒயரிங்குக்குள் போகும். உள்ளே ஏதோ பழைய கம்பளி வாடை வந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம், வெள்ளமாகவும் இருக்கலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு அடியில் கோடு போட்டதுபோல் கறை நின்றிருக்கும். சீட் தண்டவாளத்துக்கு அடியில் போல்ட் தலைகளில் துரு, ஸ்டெப்னிக் குழியில் வண்டல் மண், கார்ப்பெட்டுக்கு அடியில் பஞ்சு காய்ந்து கட்டியாக இருப்பது – இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நின்றவை இப்போது பாலிஷ் போட்டு வருகின்றன. இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது இன்னொரு வழி. 2018 வண்டியில் போனஸ் பூஜ்ஜியம் என்றால் சமீபத்தில் கிளெய்ம் போயிருக்கலாம். எதற்கு என்று கேளுங்கள்.

கடைசியாக ஸ்கேனர். பொதுவான ஸ்கேனர் எஞ்சின் கோளாறை மட்டும் காட்டும். ஃபோர்டுக்கென்று ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் இருக்கிறது. நல்ல அடாப்டரோடு போட்டால் இன்ஜெக்டர் திருத்தம், கியர்பாக்ஸ் சூடு, டி.பி.எஃப். அடைப்பு, ஒவ்வொரு கட்டுப்பாட்டு மாட்யூலிலும் பதிந்திருக்கும் கிலோமீட்டர் எல்லாம் வரும். மீட்டரில் 70,000, வேறொரு மாட்யூலில் 1,40,000 என்று காட்டினால் பேச்சுக்கே இடமில்லை.

ஆயில் மாற்றும் பத்து நிமிடம்

2.2, 3.2 வாங்குகிறவர் இந்த ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இந்த எஞ்சின்களின் ஆயில் பம்ப், அழுத்தத்துக்கு ஏற்பத் தன் அளவை மாற்றிக்கொள்ளும் வகை. ஆயிலை வடித்துவிட்டு நீண்ட நேரம் விட்டால் பம்புக்குள் இருக்கும் ஆயிலும் இறங்கி, காற்று புகுந்துவிடும். பிறகு புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தாலும் பம்ப் உறிஞ்சாது. சில நிமிடத்தில் பேரிங் உருகி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வடிக்கத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஃபில்டரை மாற்றி, ஆயில் ஊற்றி முடிக்க வேண்டும். ஆஸ்திரேலிய ரேஞ்சர்காரர்கள் பலர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

நம் ஊரில் நடப்பதோ நேர்மாறு. வண்டியை லிஃப்டில் ஏற்றி, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, "கடைசிச் சொட்டு வரைக்கும் வடியட்டும்" என்று விட்டுவிட்டுப் பையன் டீ குடிக்கப் போய்விடுவான். அக்கறையில் செய்வதுதான், ஆனால் இந்த எஞ்சினுக்கு அது எமன். ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: எஞ்சினை மிதமாகச் சூடேற்றுங்கள், புது ஃபில்டர், ஓ-ரிங், வாஷர், ஆயில் கேன்கள் எல்லாம் மூடி திறந்து பக்கத்தில் தயாராக இருக்கட்டும், பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். 3.2-க்கு ஏறக்குறைய 10 லிட்டர் பிடிக்கும். ஏழு லிட்டர் வாங்கிவிட்டு நடுவில் கடைக்கு ஓடக் கூடாது. தரம் 5டபிள்யூ-30, கேனின் பின்னால் டபிள்யூ.எஸ்.எஸ்.-எம்2சி913-டி என்ற ஃபோர்டு எண் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில நொடியில் அணையவில்லையா, உடனே நிறுத்துங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்து அழுத்தம் வரவைக்கப் பார்க்காதீர்கள்.

2.0-க்கு ஆயில் வேறு: 0டபிள்யூ-30, எண் டபிள்யூ.எஸ்.எஸ்.-எம்2சி950-ஏ. இதில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. வேறு ஆயில் ஊற்றினால் ரப்பர் ஊறி உதிர்ந்து, அந்தத் தூள் ஆயில் சல்லடையை அடைக்கும். முந்தைய ஓனர் எங்கே சர்வீஸ் செய்தார், எந்த ஆயில் ஊற்றினார் என்ற ஜாப் கார்டு இல்லாத 2.0 வண்டியைத் தொடாமல் இருப்பது உத்தமம். டி.பி.எஃப். விஷயம் இதைவிட எளிது. வாரம் ஒருமுறையாவது ஜி.எஸ்.டி. ரோட்டிலோ ஓ.எம்.ஆரிலோ அரை மணி நேரம் சீராக ஓட்டினால் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளியிலிருந்து மார்க்கெட் என்று மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும், ஆயில் அளவும் டீசல் கலந்து ஏறும். டிப்ஸ்டிக்கில் ஆயில் கோட்டைத் தாண்டி நின்றால் சந்தோஷப்படாதீர்கள்.

பார்ட்ஸ் எங்கே?

மூடும்போதே டெல்லி, சென்னை, மும்பை, சாணந்த், கொல்கத்தாவில் பார்ட்ஸ் கிடங்கு தொடரும் என்று ஃபோர்டு சொன்னது. சென்னை அந்தப் பட்டியலில் இருப்பது நமக்கு வசதி. ஃபில்டர், பிரேக் பேட், பெல்ட், புஷ் போன்ற ஓடும் சாமான்கள் சர்வீஸ் மட்டும் செய்யும் பழைய டீலர்களிடமும் ஜி.பி. ரோட்டிலும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கின்றன. மோதலில் போகும் சாமான்களுக்குத்தான் காத்திருப்பு: ஹெட்லைட், பம்பர், கதவு, கண்ணாடி. இதனால்தான் இன்சூரன்ஸ் முக்கியம். பழைய வண்டிக்கு ஜீரோ டிப்ரிசியேஷன், அதாவது தேய்மானம் கழிக்காத பாலிசி, பல கம்பெனிகள் தருவதில்லை. பிளாஸ்டிக் சாமான் உடைந்தால் பாதி விலை உங்கள் கையிலிருந்து போகும். புதுப்பேட்டையில் உடைத்த வண்டியின் பாகம் கிடைக்கும். ஹெட்லைட்டை அங்கே வாங்குவதானால் பின்பக்கக் கொக்கிகள் ஒட்டுப் போடாமல் முழுதாக இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

இங்கே கிடைக்காததைத் தாய்லாந்திலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வரவழைக்கலாம். இரண்டு நாட்டிலும் நம்மைப்போல ஸ்டியரிங் வலப்பக்கம், சாலையில் இடப்பக்க ஓட்டம். ஆகவே ஹெட்லைட்டின் ஒளிக்கற்றைகூடச் சரியான பக்கம் சாயும். ஐரோப்பாவின் இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளிலிருந்து வாங்கினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஆர்டர் செய்யும்போது "எண்டெவர் 2017" என்று பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், அங்கே யாருக்கும் புரியாது. பழைய சாமானிலேயே அச்சிட்டிருக்கும் ஃபோர்டு எண்ணைப் படியுங்கள். மூன்று துண்டாக இருக்கும்: முதல் துண்டு எந்த வண்டிக்காக வரைந்தது, நடுத்துண்டு என்ன சாமான், கடைசி எழுத்துகள் எத்தனையாவது திருத்தம். முதல் துண்டு ஏபி39 என்றோ இபி3பி என்றோ தொடங்கினால் அது டி6 குடும்பத்துச் சாமான். ரேஞ்சர் கடைகளில் தேடலாம். கடைசி எழுத்து மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் பொருந்தும், நடு எண் மாறினால் வேறு சாமான்.

ஒரு எச்சரிக்கை: ரேஞ்சரோடு எல்லாம் ஒத்துப்போகாது. எஞ்சின், கியர்பாக்ஸ் இவற்றில் தைரியமாகத் தேடலாம். பின்பக்கம் வேறு. ரேஞ்சருக்கு லீஃப் ஸ்பிரிங்கும் டிரம் பிரேக்கும். எண்டெவருக்கு காயில் ஸ்பிரிங், பின் அச்சு பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் வாட்ஸ் லிங்கேஜ், டிஸ்க் பிரேக். ஸ்பீடு பிரேக்கரில் பின்னாலிருந்து டக் டக் என்று வந்தால் அந்த லிங்கேஜ் புஷ்ஷை முதலில் பாருங்கள். அதற்கு எவரெஸ்ட் சாமான்தான் வேண்டும்.

பேப்பர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வருடக் கெடு என்று இருந்ததால், 2016, 2017 எண்டெவர்கள் கெடு நெருங்க நெருங்க விலை இறங்கித் தெற்கே வந்தன. கடலோரத்தில் நிற்காததால் அடியில் துரு குறைவு. பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள்கால வரியைக் கட்டி முடிக்கும்போது விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். கடன் பாக்கி நீக்கிய படிவம் 35, விற்பனைக்கான 29, 30, வெளிமாநிலம் என்றால் 28 – நான்கும் கையில் வரும் வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மொத்தத்தில் எங்கள் வரிசை: ஜாப் கார்டோடு இருக்கும் 2018, 2019 சென்னைப் பதிவு 3.2 முதலில், நெடுஞ்சாலையில் அதிகம் ஓடி, ஒரே இடத்தில் சர்வீஸ் ஆன 2.0 அடுத்து, பட்ஜெட் இடித்தால் 2.2 மேனுவல். வண்டி விலைக்கு மேல் ஒன்றரை லட்சம் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். முதல் ஆறு மாதத்தில் எல்லா ஆயிலும், டயரும், புஷ்களும் மாற்ற அது தேவைப்படும். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் பொறுத்து வாங்கலாம்.